பிரிந்தது கணவன் மனைவிதான். அப்பாவும் பிள்ளையும் இல்லை

(நம் தகவல் தொழில்நுட்ப அணியின் ஞாயிறு இரவு நேரலையில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமா இந்த நேரத்துல நாம அரசியல் பேசுவோம். இன்னைக்கு வீட்டு விஷயம் ஒண்ணு பேசணும். நம்ம அணியில ராத்திரி பகல் பார்க்காம வேலை செய்யற பசங்க, பூத் கமிட்டியில இருக்கறவங்க, கிளை நிர்வாகிகள்னு பெரும்பாலும் 25-க்கும் 40-க்கும் நடுவுல இருக்கற வயசு. கல்யாணம் ஆகி, சின்னக் குழந்தை இருக்கற வயசு. இதுல சிலர் வீட்டுல பிரச்சினை. மனைவி குழந்தையோட அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. மாசக்கணக்கா ஆச்சு. "குழந்தையைப் பார்க்கவே விடமாட்டேங்கறாங்க, என்ன பண்றதுன்னு தெரியல"ன்னு சொல்ற குரலை நீங்களும் கேட்டிருப்பீங்க.

அப்படிச் சொல்றவனுக்கு நம்ம ஊர்ல மூணு யோசனை உடனே கிடைக்கும். ஒண்ணு, "ஸ்டேஷன்ல புகார் கொடு." ரெண்டு, "பணம் அனுப்பறதை நிறுத்து, தானா வழிக்கு வருவாங்க." மூணு, "நாலு பசங்களைக் கூட்டிட்டுப் போய்க் குழந்தையைத் தூக்கிட்டு வந்துடு." மூணுமே அவனைக் குழந்தையிடமிருந்து இன்னும் தூரத்துக்குக் கொண்டுபோற யோசனைகள். ஏன்னு சொல்றேன். அதுக்கப்புறம் எது சரியான வழின்னும் சொல்றேன்.

நான் வக்கீல் இல்ல, இன்ஜினியரிங் படிச்சவன். சட்டப் பிரிவுகளைப் படிச்சு, நம்ம வழக்கறிஞர் அணியில இருக்கற அண்ணன்கள், அக்காக்கள்கிட்ட கேட்டுத் தெளிஞ்சுக்கிட்டுத்தான் பேசறேன். உங்க வழக்குக்கு உங்க வக்கீல் சொல்றதுதான் முடிவு. ஆனா வக்கீல்கிட்ட போகும்போது எதைக் கேட்கணும்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்லையா, அதுக்குத்தான் இது.

முதல்ல ஒரு அடிப்படை. இந்த விஷயத்துல சட்டம் "அப்பாவுக்கு என்ன உரிமை, அம்மாவுக்கு என்ன உரிமை"ன்னு ஆரம்பிக்கறதே இல்ல. "குழந்தைக்கு எது நல்லது"ன்னுதான் ஆரம்பிக்குது. 1956-ஆம் வருஷத்து இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், பிரிவு 13, குழந்தையின் நலனே தலையாயது என்று சொல்கிறது. 1973-ல நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துல இருந்து மேல போன ஒரு வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: பிள்ளைகள் பொருட்களும் இல்லை, பெத்தவங்க விளையாடற பொம்மைகளும் இல்லை. அதுக்கப்புறம் வந்த தீர்ப்புகள் எல்லாம் இந்தப் பாதையிலதான் போகுது.

அதனால நீங்க கோர்ட்ல நின்னு "நான் அப்பா, எனக்கு உரிமை இருக்கு"ன்னு மட்டும் சொன்னா பாதி வேலைதான் நடக்கும். "இந்தக் குழந்தைக்கு அப்பா வேணும்"ங்கறதுதான் உங்க பக்கத்து நியாயம். 2020 ஜனவரியில உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாவே சொல்லியிருக்கு. அம்மா, அப்பா ரெண்டு பேரோட அன்பும் பெறுவது குழந்தையின் உரிமை. குழந்தை ஒருத்தர்கிட்ட இருக்கும்னு முடிவானா, இன்னொருத்தர் போதிய அளவு குழந்தையைச் சந்திக்க வழி இருக்கணும். நேர்ல பார்க்கறது மட்டும் இல்ல. தினமும் அஞ்சு பத்து நிமிஷமாவது குழந்தையோட பேசற உரிமையும், வீடியோ காலும் முக்கியம்னு அந்தத் தீர்ப்பு சொல்லுது. வேற ஊர்ல, வேற நாட்டுல வேலை பார்க்கற தோழர்கள் இதைக் குறிச்சு வச்சுக்கோங்க.

அடுத்து, நிறைய பேர் குழம்பற இடம்: அஞ்சு வயசு.

1956 சட்டத்தோட பிரிவு 6 அப்பாவை "இயற்கைப் பாதுகாவலர்"னு சொல்லுது. அதே பிரிவுதான், அஞ்சு வயசு முடியாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்லுது. முதல் வரியை மட்டும் படிச்சிட்டு "நான்தான் கார்டியன், குழந்தை எனக்குத்தான்"னு கிளம்பற அப்பாக்கள் உண்டு. ரெண்டாவது வரியை மட்டும் படிச்சிட்டு "அஞ்சு வயசு வரைக்கும் கண்ணுல காட்ட மாட்டோம்"னு சொல்ற மாமனார் வீடும் உண்டு. ரெண்டுமே தப்பு.

கார்டியனா இருக்கறது வேற, குழந்தை யார் வீட்டுல வளருதுங்கறது வேற. அப்பா மட்டும்தான் கார்டியன்ங்கறதும் இப்ப இல்ல. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் ரிசர்வ் வங்கிக்கு எதிரா நடத்தின வழக்குல, அப்பா உயிரோட இருக்கும்போதே அம்மாவும் இயற்கைப் பாதுகாவலரா செயல்படலாம்னு 1999-ல உச்ச நீதிமன்றம் விளக்கம் கொடுத்திருக்கு. இன்னொரு பக்கம், அந்த அஞ்சு வயசு விதி குழந்தை எங்க தங்கணும்னுதான் பேசுது. அப்பா பார்க்கக் கூடாதுன்னு அதுல ஒரு வார்த்தை கூட இல்ல. கைக்குழந்தையா இருந்தாலும் பார்க்க அனுமதி கேட்டு மனு போடலாம். கோர்ட் கொடுக்கவும் செய்யுது.

இந்த 1956 சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கிய மதத்தவருக்கானது. கிறிஸ்தவத் தோழர்களுக்கு 1869 விவாகரத்துச் சட்டத்துல பிரிவு 41-ல இருந்து குழந்தைகள் பத்தி வருது. பதிவுத் திருமணம் பண்ணி சிறப்புத் திருமணச் சட்டத்துல வர்றவங்களுக்குப் பிரிவு 38. இஸ்லாமியத் தோழர்களுக்குத் தனிநபர் சட்டம் சில வயசு வரம்புகள் சொல்லுது. ஆனா 1890-ஆம் வருஷத்துப் பாதுகாவலர் மற்றும் காப்பாளர் சட்டம்னு ஒண்ணு இருக்கு. எந்த மதமா இருந்தாலும் அந்தச் சட்டத்துல மனு போடலாம்.

சரி, மனு எங்க போடறது? இதுக்கு ரெண்டு வழி.

ஏற்கெனவே விவாகரத்து வழக்கோ, சேர்ந்து வாழக் கேட்கற வழக்கோ நடந்துட்டு இருந்தா, யார் போட்ட வழக்கா இருந்தாலும் சரி, அதுக்குள்ளேயே இந்துத் திருமணச் சட்டம் பிரிவு 26-ல இடைக்கால மனு போடலாம். கோர்ட் பாஷையில ஐ.ஏ.ன்னு சொல்வாங்க. வழக்கு முடியற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

எந்த வழக்கும் இல்ல, வெறுமனே பிரிஞ்சு இருக்கீங்கன்னா, 1890 சட்டத்துல தனியா மனு போடணும். ஜி.டபிள்யூ.ஓ.பி.ன்னு சொல்வாங்க. குழந்தையைப் பார்க்கறதுக்காக விவாகரத்து கேட்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. இதைப் பல பேர் தெரியாம, "விவாகரத்துக்குப் போனாதான் குழந்தையைப் பார்க்க முடியும்"னு நினைச்சு, சேர வாய்ப்பு இருக்கற குடும்பத்தையும் உடைச்சுக்கறாங்க. இந்த மனுவோடவே, முடிவு வர்ற வரைக்கும் குழந்தையைப் பார்க்க இடைக்கால உத்தரவும் கேட்கலாம். அதுக்குப் பிரிவு 12 இருக்கு.

இதுல கவனிக்க வேண்டியது ஊர். பிரிவு 9-ன்படி, குழந்தை வழக்கமா எந்த ஊர்ல வசிக்குதோ அந்த எல்லைக்கு உட்பட்ட நீதிமன்றத்துலதான் போடணும். நீங்க சென்னையில வேலை பார்க்கறீங்க, குழந்தை திருநெல்வேலியில அம்மாவோட இருக்குன்னா, திருநெல்வேலியிலதான் மனு. சென்னையில போட்டுட்டு, எல்லை தப்புன்னு திரும்பி வந்தா போன மாசங்கள் போனதுதான். குடும்ப நல நீதிமன்றம் இல்லாத இடத்துல மாவட்ட நீதிமன்றம்.

செலவுக்குப் பயப்படறவங்களுக்கு: மாவட்ட நீதிமன்ற வளாகத்துலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தாலுகா அளவுல வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கு. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மத்தவங்களுக்கு வருமான வரம்புக்குள்ள இருந்தா உண்டு. 15100-ங்கற கட்டணமில்லா எண்ணுக்கு அடிச்சா வழி சொல்வாங்க.

மனு போட்டதும் குடும்ப நல நீதிமன்றம் முதல்ல சமரசத்துக்கு முயற்சி பண்ணும். 1984 குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டம் பிரிவு 9 அதை நீதிமன்றத்தோட கடமையாவே வச்சிருக்கு. கவுன்சிலிங் அனுப்புவாங்க, சமரச மையத்துக்கு அனுப்புவாங்க. "இது வெட்டி வேலை, வாய்தா இழுக்கறாங்க"ன்னு நினைச்சுப் போகாம இருக்காதீங்க. சேர்ந்து வாழறதுல உடன்பாடு வரலைன்னாலும், குழந்தையை எப்போ, எங்க பார்க்கறதுங்கறதுல உடன்பாடு வந்த குடும்பங்கள் நிறைய. ரெண்டு பேரும் பேசி எழுதிக் கையெழுத்துப் போட்ட ஏற்பாடு, நீதிபதி போட்ட உத்தரவை விட நல்லா நடக்கும். ஏன்னா அதுல யாரும் தோக்கல.

எடுத்த எடுப்புல கோர்ட் பெருசா எதையும் கொடுக்காது. நீதிமன்ற வளாகத்துலேயோ பொது இடத்துலேயோ ஒரு மணி, ரெண்டு மணி நேரம்னு ஆரம்பிக்கலாம். அது ஒழுங்கா நடந்தா நேரம் கூடும், வெளிய கூட்டிட்டுப் போக விடுவாங்க, பண்டிகை நாள், பிறந்தநாள், அரையாண்டு லீவு, கோடை லீவுன்னு விரியும். அதனால மனுவுல "பார்க்க அனுமதி வேண்டும்"னு ஒத்தை வரியில கேட்காதீங்க. எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடம், யார் கூட்டிட்டு வருவாங்க, வீடியோ கால் எத்தனை மணிக்கு, பொங்கலுக்கு என்ன, தீபாவளிக்கு என்னன்னு விவரமா கேளுங்க. தெளிவா எழுதின உத்தரவை மீறறது கஷ்டம். மொட்டையா எழுதின உத்தரவுல ஒவ்வொரு வாரமும் சண்டைதான்.

குழந்தையோட நலன்னா என்னன்னு புரிய ஒரு வழக்கு சொல்றேன். நம்ம மாநிலத்துல இருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது, 2024 டிசம்பர்ல உத்தரவு வந்தது. ரெண்டு வயசுப் பெண் குழந்தை. அப்பா பார்க்கறதுக்காக ஒவ்வொரு ஞாயிறும் அம்மா குழந்தையை சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கற ஊருக்குக் கூட்டிட்டு வரணும்னு கீழே உத்தரவு. உச்ச நீதிமன்றம் அதை மாத்துச்சு. பெத்தவங்க உரிமையைத் தீர்மானிக்கற வேலையில குழந்தையோட உடல்நலத்தைப் பலி கொடுக்க முடியாதுன்னு சொல்லிச்சு. ஆனா அப்பா பார்க்கறதை ரத்து பண்ணல. குழந்தை இருக்கற ஊருக்கு அப்பா வரட்டும், ஞாயிறு காலை 10 மணியில இருந்து மதியம் 2 மணி வரைக்கும் பார்க்கோ கோயிலோ பொது இடத்துல பார்க்கட்டும், அம்மா கொஞ்சம் தள்ளி நிக்கட்டும்னு ஏற்பாடு பண்ணிச்சு. பஸ்ல அலைய வேண்டியது பெரியவர், குழந்தை இல்ல. இந்த மனசோட நீங்களே முதல்ல போய் நின்னா, நீதிபதி உங்களைப் பார்க்கற பார்வையே வேற.

இப்ப அந்த மூணு யோசனைக்கு வர்றேன்.

ஸ்டேஷன். குழந்தை அதோட அம்மாகிட்ட இருக்கு. அது குற்றம் இல்ல. கோர்ட் உத்தரவு இல்லாம போலீஸ் குழந்தையை வாங்கி உங்க கையில கொடுக்க முடியாது. கூப்பிட்டு வச்சுப் பேசுவாங்க. அதுல ரெண்டு குடும்பமும் வாய்க்கு வந்ததைப் பேசி, அடுத்த நாள் பேச்சுவார்த்தைக்கான கதவும் சாத்திடும். கட்டப்பஞ்சாயத்துக்கு நம்ம ஆளுங்களை, முக்கியமா கட்சிக்காரங்களைக் கூப்பிடவே கூப்பிடாதீங்க. கட்சித் துண்டு போட்டுக்கிட்டு ஒரு பொண்ணு வீட்டு வாசல்ல நாலு பேர் நின்னா அதுக்குப் பேரு மிரட்டல். வேற பேரு இல்ல.

பணம். "பார்க்க விடல, அதனால பணம் இல்ல"ன்னு அப்பா சொல்றதும், "பணம் வரல, அதனால பார்க்க விடமாட்டேன்"னு அம்மா சொல்றதும் சட்டத்துல நிக்காது. குழந்தைக்கான பராமரிப்பு தனி, பார்க்கறது தனி. முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 125-ஆ இருந்தது, 2024 ஜூலைல இருந்து புதுச் சட்டத்துல பிரிவு 144. நீங்க நிறுத்தினா ஜீவனாம்ச வழக்கு வரும், பாக்கி ஏறும், கட்டலைன்னா வாரண்ட் வரைக்கும் போகும். அதை விடப் பெருசு, "குழந்தை மேல பாசம்னு சொல்றாரு, பால் பவுடருக்குப் பணம் அனுப்பல"ன்னு எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு கேள்வி கேட்டா உங்ககிட்ட பதில் இருக்காது. அதனால கேட்டாலும் கேட்கலைன்னாலும் மாசம் ஒரு தொகை அனுப்புங்க. கையில கொடுக்காதீங்க, வங்கிக் கணக்கு வழியா, யு.பி.ஐ. வழியா, "குழந்தை செலவுக்கு"ன்னு குறிப்பு போட்டு அனுப்புங்க. அது குழந்தைக்குச் சோறு, உங்களுக்குச் சாட்சி.

தூக்கிட்டு வர்றது. இது ஒண்ணைப் பண்ணினா எல்லாம் போச்சு. அம்மா தரப்பு உயர் நீதிமன்றத்துல ஆட்கொணர்வு மனு போடலாம். அழுதுட்டு இருக்கற குழந்தையை நீங்களே கொண்டுபோய் நீதிபதி முன்னாடி நிறுத்த வேண்டி வரலாம். அதுக்கப்புறம் தனியா வெளிய கூட்டிட்டுப் போக அனுமதி கேட்டா, "திரும்பிக் கொண்டு வருவாரா?"ங்கற சந்தேகம் உங்க கூடவே வரும்.

நாலாவதா, இணையத்துல இருக்கற நமக்கே ஒண்ணு. மனைவி போட்டோவை, குழந்தை போட்டோவை, வழக்கு விவரத்தைப் போட்டு "நீதி வேண்டும்"னு பதிவு போடாதீங்க. இந்துத் திருமணச் சட்டம் பிரிவு 22-ன்படி இந்த வழக்குகள் மூடிய அறையில் நடப்பவை. வழக்கு விவரத்தை அச்சிடுவதும் வெளியிடுவதும் 1,000 ரூபாய் வரை அபராதத்துக்குரிய தவறு. அபராதம் சின்னதுதான். ஆனா அந்த ஸ்கிரீன்ஷாட் எதிர்த்தரப்புக் கட்டுல போய் உட்காரும். பத்து வருஷம் கழிச்சு உங்க பிள்ளையே அதைத் தேடிப் படிக்கும்.

நம்ம பசங்க சிலர் இந்த விஷயம் வந்தாலே "சட்டம் எல்லாம் பொண்ணுங்களுக்குத்தான்"னு மீம் போடறீங்க. அதை நான் ஏத்துக்கல. இவ்வளவு நேரம் சொன்ன பிரிவு எல்லாம் அப்பாவும் போகலாம்னு திறந்திருக்கற கதவுதான். அதே நேரம், அடி வாங்கிட்டு, பயந்துக்கிட்டு குழந்தையோட வெளிய வந்த பெண்கள் இருக்காங்க. அவங்க பயம் நிஜம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005, பிரிவு 21 குழந்தையைத் தற்காலிகமா அம்மாகிட்ட ஒப்படைக்கலாம், அப்பா பார்க்கறதுக்கும் ஏற்பாடு பண்ணலாம்னு சொல்லுது. அந்தச் சந்திப்பு குழந்தைக்குக் கேடுன்னு தெரிஞ்சா மறுக்கணும்னும் சொல்லுது. நியாயமான விதிதானே? குடிச்சிட்டு வர்ற அப்பாகிட்ட நம்ம தங்கச்சி பிள்ளையை நாம அனுப்புவோமா? உங்க மேல அப்படி ஒரு புகார் இருந்து அது பொய்னா, கண்காணிப்போட பார்க்கறேன்னு நீங்களே கேளுங்க. ஒவ்வொரு வாரமும் அமைதியா வந்து பார்த்துட்டுப் போற அப்பாவை விடப் பெரிய மறுப்பு கிடையாது.

உத்தரவு வந்தாச்சு. அந்த நாள் எப்படி நடந்துக்கணும்?

நேரத்துக்குப் போங்க, நேரத்துக்குத் திரும்பக் கொடுங்க. ரெண்டு வயசுக் குழந்தை ஆறு மாசம் உங்களைப் பார்க்கலைன்னா அடையாளம் தெரியாம அழும். "சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்காங்க"ன்னு உடனே கோபப்படாதீங்க. குழந்தைன்னா அப்படித்தான். கொஞ்சம் தள்ளி உட்காருங்க, பழைய பொம்மை ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, அதுவா வரும். "அம்மா என்ன சொன்னா? வீட்டுக்கு யார் வர்றாங்க?"ன்னு விசாரணை பண்ணாதீங்க. அம்மாவைப் பத்தித் தப்பா ஒரு சொல் வேண்டாம். குழந்தைக்கு அது தன்னையே திட்டற மாதிரி. கிடைச்ச ரெண்டு மணி நேரத்துல போனைப் பாக்கெட்ல வைங்க.

உத்தரவு இருந்தும் கூட்டிட்டு வரலைன்னா? வாசல்ல போய்க் கத்தாதீங்க. எத்தனை மணிக்குப் போனீங்க, எவ்வளவு நேரம் காத்திருந்தீங்கன்னு தேதி போட்டு எழுதி வைங்க. அன்னைக்கே மரியாதையா ஒரு மெசேஜ் அனுப்புங்க. ரெண்டு மூணு முறை இப்படி நடந்தா, அதே நீதிமன்றத்துல உத்தரவை நிறைவேத்தித் தரச் சொல்லி மனு போடலாம். வேணும்னே மீறினா அவமதிப்பு நடவடிக்கையும் கேட்கலாம். குழந்தை சம்பந்தப்பட்ட உத்தரவு எதுவும் கல்வெட்டு இல்ல. குழந்தை வளர வளர, சூழ்நிலை மாற மாற, மாத்தித் தரச் சொல்லி எப்ப வேணும்னாலும் கேட்கலாம்.

ஆனா தள்ளிப் போடாதீங்க. நமக்கு ஒரு வருஷம்ங்கறது ஒரு அப்ரைசல் முடிஞ்சு அடுத்த அப்ரைசல் வர்ற நேரம். மூணு வயசுக் குழந்தைக்கு அது வாழ்க்கையில மூணுல ஒரு பங்கு. "கோபம் தணியட்டும், பெரியவங்க பேசட்டும்"னு நீங்க விடற ஒவ்வொரு மாசமும், "குழந்தைக்கு அப்பாவைப் பழக்கமே இல்லை"ங்கற எதிர்வாதத்துக்கு நீங்களே கொடுக்கற ஆதாரம்.

கடைசியா நம்ம வேலைக்கு வர்றேன். குடும்ப நல நீதிமன்றத்தை அமைக்கறது மாநில அரசோட பொறுப்பு. 1984 சட்டம் பிரிவு 3 உயர் நீதிமன்றத்தைக் கலந்து பேசி அமைக்கணும்னு சொல்லுது. பத்து லட்சம் பேருக்கு மேல இருக்கற நகரத்துக்குத்தான் கட்டாயம். மத்த இடத்துக்கு அரசு மனசு வச்சா உண்டு. 2015-ல சட்ட ஆணையம் 257-வது அறிக்கையில, அம்மாவும் அப்பாவும் சமமான பாதுகாவலர்கள்னு சட்டத்தைத் திருத்துங்க, கூட்டுப் பொறுப்பை சட்டத்துல சேருங்கன்னு பரிந்துரை கொடுத்தது. யார் ஆட்சியில இருந்தாலும் நாம கேட்க வேண்டிய விஷயங்கள் இவை. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்துலயும் குழந்தையும் பெத்தவங்களும் சந்திக்க, நாலு பொம்மையும் ஒரு ஃபேனும் சுத்தமான பாத்ரூமும் இருக்கற ஒரு அறை வேணும். கோர்ட் வராண்டாவுல, கைவிலங்கோட கைதி போற வழியில, ஒரு குழந்தை அப்பாவைச் சந்திக்கக் கூடாது. இடைக்கால மனுவுக்குக் கறாரான காலக்கெடு வேணும். இதை உங்க பகுதி சட்டமன்ற உறுப்பினர்கிட்ட மனுவா கொடுங்க. நம்ம கட்சிக்காரரா இருந்தாலும் கொடுங்க.

இந்தப் பேச்சு எந்தத் தோழருக்குத் தேவைப்படும்னு உங்களுக்குத் தெரியும். பொதுக் குரூப்ல பேரைக் குறிப்பிட்டுப் போட வேண்டாம். தனியா அனுப்புங்க. அனுப்பிட்டு, "நாளைக்குக் காலையில சட்ட உதவி மையத்துக்கு நானும் கூட வர்றேன்டா"ன்னு ஒரு வரி சேர்த்துக்கோங்க.